ஒரு சிறு கோட்டின் வரலாறு: ரோலோ மேயும் இருத்தலியல்–மனிதநேய உளவியலும்

அமெரிக்க உளவியல் பாடநூல்களில் 'இருத்தலியல்–மனிதநேய உளவியல்' என்ற பெயரைப் படிக்கும் மாணவர் அதை ஒரே கட்சியின் பெயராக எடுத்துக்கொள்வது வழக்கம். இரு சொற்களுக்கும் நடுவே கிடக்கும் சிறு கோடு கண்ணில் படுவதில்லை. அந்தக் கோடு, ஒத்துப்போகாத இரண்டு தரப்புகளை ஒரே திண்ணையில் உட்கார வைத்தது. ஒரு தரப்பு ஐரோப்பாவிலிருந்து கப்பலேறி வந்தது. சாவையும் பதற்றத்தையும் தனிமையையும் பற்றிப் பேசியது. இன்னொன்று அமெரிக்காவிலேயே முளைத்தது. தடை இல்லாவிட்டால் மனிதன் தானாக நல்ல பக்கம் வளர்வான் என்று நம்பியது. இரண்டையும் சேர்த்துவைத்தவர்களில் முதன்மையானவர் ரோலோ மே (1909–1994). சேர்த்த இடம் சரியாக ஒட்டவில்லை என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தவரும் அவரே. அந்தக் கோடு எப்படி விழுந்தது, அதன் இருபுறமும் நடந்த வழக்கு என்ன என்பதையே இக்கட்டுரை தேடிப் பார்க்கிறது.

ஒரு சொல் விளக்கத்தை முதலிலேயே முடித்துவிடலாம். தமிழில் நாம் 'மனிதநேய' என்று பெயர்க்கும்போது மூலச் சொல்லில் இல்லாத 'நேயம்' உள்ளே புகுந்துவிடுகிறது. அந்தக் கூடுதல் அன்பு, அமெரிக்கத் தரப்பின் முன்னோடி உளவியலாளரான கார்ல் ரோஜர்ஸுக்குப் பொருந்தும். ரோலோ மேக்கு அவ்வளவாகப் பொருந்தாது. வேறு சொல் இன்னும் நிலைபெறாததால் அதையே பயன்படுத்துகிறேன்.

கிரேக்கக் குன்றும் நியூயார்க் வகுப்பறையும்

ரோலோ மே ஒஹையோ மாநிலத்தின் ஏடா என்ற சிற்றூரில் பிறந்து மிச்சிகன் மாநிலத்தில் வளர்ந்தார். தந்தை இளைஞர் கிறிஸ்தவச் சங்கமான ஒய்எம்சிஏவின் ஊழியர். ஆறு பிள்ளைகள்; பெற்றோருக்குள் ஓயாத சண்டை; அக்காளுக்கு மனநோய். மாணவர் இதழ் ஒன்றில் ஈடுபட்டதால் முதல் கல்லூரியில் நீடிக்க முடியாமல் போய், ஓபர்லின் கல்லூரியில் 1930இல் பட்டம் பெற்றார். அதே ஆண்டு கிரேக்க நாட்டின் தெசலோனிகி நகருக்குப் போய், அனத்தோலியா கல்லூரியில் பையன்களுக்கு ஆங்கிலம் கற்பித்தார்.

அங்கே இரண்டாம் ஆண்டில் அவர் உடைந்துபோனார். வேலை, ஒழுங்கு, கடமை என்று வீட்டில் கற்றுத் தந்த எதுவும் கைகொடுக்கவில்லை. படுக்கையை விட்டு எழ முடியாத நிலை. பிறகு ஒருநாள் குன்றுப் பக்கம் நடந்தபோது, முழங்கால் உயரத்துக்குக் காட்டுப் பாப்பிப் பூக்கள் பூத்துக் கிடந்த ஒரு சரிவில் தான் நிற்பதைக் கண்டாராம். உட்கார்ந்து அந்தப் பூக்களை வரைய ஆரம்பித்தார். 1985இல் வெளியான 'அழகைத் தேடி' என்ற பொருள்படும் தன்வரலாற்று நூலில் இதை விரிவாகச் சொல்கிறார். 1932 கோடையில் வியன்னா பக்கம் போய் உளவியலாளர் ஆல்ஃபிரட் அட்லரின் பயிற்சி வகுப்பிலும் உட்கார்ந்தார்.

1933இல் நாடு திரும்பி, நியூயார்க்கின் யூனியன் இறையியல் கல்லூரியில் சேர்ந்தார். பாதிரியாராகும் ஆசையைவிட, மனிதனைப் பற்றிய அடிப்படைக் கேள்விகளை அங்கேதான் கேட்க முடியும் என்ற எண்ணமே காரணம். அதே ஆண்டின் இறுதியில், நாஜி அரசு ஃபிராங்க்ஃபர்ட் பல்கலைக்கழகப் பதவியிலிருந்து நீக்கிய இறையியலாளர் பால் டில்லிச் அதே கல்லூரிக்கு வந்து சேர்ந்தார். ஜெர்மன் வாடை மாறாத ஆங்கிலத்தில் அவர் எடுத்த வகுப்புகளில் மே உட்கார்ந்திருந்தார். இருத்தலியல் தத்துவவாதிகளான கீர்க்கெகார்டும் ஹைடெக்கரும் அமெரிக்க உளவியலுக்குள் நுழைந்த வாசல்களில் முக்கியமான ஒன்று இந்த இறையியல் வகுப்பறை. ஐரோப்பியத் தத்துவத்தைச் சுமந்துவந்தவர் ஓர் அகதி. வாங்கிக்கொண்டவர் சற்று முன்புதான் உடைந்து எழுந்த ஓர் இளைஞர். இந்தச் சேர்க்கையைக் கணக்கில் கொள்ளாமல் பின்னால் வரும் கோட்டைப் புரிந்துகொள்ள முடியாது.

சிறிது காலம் நியூஜெர்சியில் சபை ஊழியம் பார்த்தார். 1939இலும் 1940இலும் இரண்டு நூல்கள் எழுதினார். இரண்டாவது நூலில் மதநம்பிக்கை தந்த எளிய உற்சாகம் அதிகம். பிற்காலத்தில் அவரே அதை ஏற்கவில்லை. நம் ஆய்வுக்கு அவை முன்கதை மட்டுமே.

சரனாக் ஏரிக் கரையில்

1940களின் தொடக்கத்தில் வில்லியம் ஆலன்சன் வைட் நிறுவனத்தில் உளப்பகுப்பாய்வு பயின்றுகொண்டும், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டும் இருந்தபோது அவருக்குக் காசநோய் வந்தது. அப்போது அதற்கு மருந்து கிடையாது. ஸ்ட்ரெப்டோமைசின் புழக்கத்துக்கு வரப் பல ஆண்டுகள் இருந்தன. நியூயார்க் மாநிலத்தின் வடக்கே, அடிராண்டாக் மலைப்பகுதியில் உள்ள சரனாக் ஏரிச் சானடோரியத்தில் ஒன்றரை ஆண்டு போலப் படுத்துக் கிடந்தார். சிகிச்சை என்றால் ஓய்வு, குளிர்ந்த காற்று, காத்திருப்பு. எக்ஸ்ரே எடுப்பார்கள். நுரையீரலில் உள்ள பொத்தல் சுருங்கியிருக்கிறதா, பெரிதாகியிருக்கிறதா என்று அது சொல்லும். அதற்காகத் திங்கள்கணக்கில் காத்திருக்க வேண்டும். கட்டிலில் கிடந்தபடியே பக்கத்துக் கட்டில்காரர்களையும் கவனித்தார். விதி என்று விட்டுக்கொடுத்து, சொன்னதைக் கேட்டுச் சாந்தமாகக் கிடந்தவர்கள் தேய்ந்து போனார்கள். நோயோடு முட்டி மோதியவர்கள் தேறினார்கள் என்று அவருக்குத் தோன்றியது.

அந்தக் கட்டிலில் அவர் படித்த இரண்டு நூல்களைப் பற்றிப் பலமுறை எழுதியிருக்கிறார். இரண்டும் பதற்றம் பற்றியவை: ஒன்று ஃபிராய்டுடையது, மற்றது கீர்க்கெகார்டுடையது. ஃபிராய்டின் விளக்கம் நுட்பமானது, வகைப்படுத்துவது, உள்ளே என்னென்ன விசைகள் வேலை செய்கின்றன என்று காட்டுவது. எக்ஸ்ரே முடிவுக்காகக் காத்திருப்பவனின் வயிற்றில் என்ன நடக்கிறது என்பதைச் சொன்னவர் கீர்க்கெகார்டுதான் என்று மே உணர்ந்தார். பதற்றத்தைப் பற்றித் தெரிந்தவர் ஒருவர். பதற்றத்தையே அறிந்தவர் மற்றவர்.

இந்த வேறுபாடு தமிழ் வாசகருக்குப் புதிதல்ல. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் அச்சத்துக்கு நான்கு காரணங்களைச் சொல்கிறது: அணங்கு, விலங்கு, கள்வர், இறை. நான்குக்கும் முகவரி உண்டு. எதைப் பார்த்துப் பயப்படுகிறோம் என்று விரல் நீட்டிக் காட்டலாம். கீர்க்கெகார்டும் மேயும் பேசும் பதற்றத்துக்கு அப்படி முகவரி கிடையாது. 'நான் இல்லாமல் போகலாம்' என்பதுதான் அதன் உள்ளடக்கம். அதனால்தான் அது ஓட இடமில்லாத பயம்.

இங்கே ஆய்வாளர் ஓர் எச்சரிக்கையை மனதில் வைக்க வேண்டும். பாப்பிப் பூக்களும் எக்ஸ்ரேயும் பின்னாளில் மே தானே சொன்ன கதைகள். அவர் தேர்ந்த கதைசொல்லி. கட்டிலில் கிடந்தபோதே கோட்பாடு பிறந்துவிட்டது போன்ற வரிசை, திரும்பிப் பார்க்கையில் நேராகத் தெரியும் பாதையாகவும் இருக்கலாம். நோயாளிகளைப் பற்றிய அவரது கவனிப்பும் ஒருவர் கண்ணால் பார்த்ததே தவிரப் புள்ளிவிவரம் அல்ல. நடந்தது நோய்; அதற்குப் பொருள் கொடுத்தது எழுத்து.

பதின்மூன்று பெண்கள்

1949இல் முனைவர் பட்டம். 1950இல் ஆய்வேடு 'பதற்றத்தின் பொருள்' என்ற நூலானது. இதன் மையத்தில் உள்ள கள ஆய்வைப் பலரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். மேயின் நூல்களிலேயே கையால் தொட்டுப் பார்க்கக்கூடிய சான்று இதுதான் என்பதால் சற்று நின்று பார்ப்போம்.

நியூயார்க்கில் மணமாகாத தாய்மார்களுக்கான காப்பகம் ஒன்றில் இருந்த 13 பெண்களை அவர் ஆராய்ந்தார். கருதுகோள் எளிமையானது: தாயால் ஒதுக்கப்பட்ட பெண்ணுக்கு நோய்த்தன்மையுள்ள பதற்றம் அதிகமாக இருக்கும். ஏறத்தாழப் பாதிப்பேர் விஷயத்தில் அது சரியாக வந்தது; மற்றவர்களிடம் வரவில்லை. சிறு வயதிலேயே அடித்து விரட்டப்பட்ட பெண்கள் சிலர் அமைதியாக இருந்தார்கள். கணக்கு இடித்தது.

விடை கிடைத்த இடத்தை 1975இல் வந்த 'படைப்பதற்கான துணிவு' நூலில் மே சொல்கிறார். நாள் முழுக்க மண்டையை உடைத்துக்கொண்டு, களைத்து, காகிதங்களை வைத்துவிட்டுத் தெருவில் இறங்கி நடந்திருக்கிறார். சுரங்க ரயில் நிலையத்தின் வாசலுக்குச் சில அடிகள் முன்னால், கருதுகோளுக்குள் அடங்காத பெண்கள் எல்லோரும் உழைக்கும் வர்க்கக் குடும்பங்களிலிருந்து வந்தவர்கள் என்பது பளிச்சென்று பட்டது. அடுத்த சில அடிகளில் மற்றதும் விளங்கியது. ஏழை வீட்டுத் தாய் மகளை வெறுத்தால் வெளிப்படையாக வெறுத்தாள். மகளுக்கும் அது தெரியும், தோழிகளைத் தேடிக்கொண்டாள். நடுத்தர வர்க்கத் தாயோ வெறுப்பை அன்பு என்று சொல்லி மூடினாள். மகளை உடைத்தது பொய். எதன் மேல் கால் வைக்கிறோம் என்று தெரியாமல் போவதுதான் அவளது பதற்றம்.

13 பேரை வைத்து உலகப் பொது விதி சொல்ல முடியாது என்பது உண்மை. ஆனாலும் பதற்றத்தின் வேரை உள்ளத்து விசைகளோடு நிறுத்திவிடாமல், வர்க்கத்துக்கும் பொய்க்கும் கொண்டுபோனது அந்தக் காலத்துக்கு அரிய வேலை. இயல்பான பதற்றம் வேறு, நோய்த்தன்மையுள்ள பதற்றம் வேறு என்ற அவரது புகழ்பெற்ற பிரிவினை இங்கிருந்து வலுப்பெற்றது. முதலாவதைச் சிகிச்சை நீக்கக் கூடாது. அதைத் தாங்கி நடக்க உதவ வேண்டும். மாத்திரையால் நீக்க வேண்டியது என்று இன்று நாம் நினைக்கும் ஒன்றை, உயிரோடு இருப்பதற்கான வாடகை என்று அவர் பார்த்தார்.

உளச்சிகிச்சையை மருத்துவர்கள் மட்டுமே செய்ய வேண்டும் என்று மருத்துவச் சங்கங்கள் சட்டம் கொண்டுவர முயன்ற காலமும் அதுவே. நியூயார்க் உளவியலாளர்கள் சார்பில் அதை எதிர்த்து முன்னின்றவர்களில் மேயும் ஒருவர். அந்தப் போராட்டம் தோற்றிருந்தால், மருத்துவப் பட்டம் இல்லாத அவரது சிகிச்சையறையே மூடப்பட்டிருக்கும்.

எலன் வெஸ்ட்: ஒரு சாவு, இரண்டு வாசிப்பு

1958இல் மே, எர்னஸ்ட் ஏஞ்சல், ஆன்ரி எல்லன்பெர்கர் மூவரும் பதிப்பித்த 'இருத்தல்' தொகுப்பு வந்தது. ஐரோப்பிய இருத்தலியல் உளமருத்துவர்களின் நீண்ட கட்டுரைகள் முதன்முறையாக ஆங்கிலத்தில் ஒரே நூலாகக் கிடைத்தன. முதல் இரண்டு அறிமுக அத்தியாயங்கள் மே எழுதியவை. அவற்றில் சொல்லப்படும் ஒரு நிகழ்ச்சி மறக்க முடியாதது. திருமணத்துக்கு வெளியே பிறந்து, உறவினர் வீட்டில் வளர்ந்த 28 வயதுப் பெண், மேம்பால ரயில் பாதையின் கீழே ஏழைக் குடியிருப்பு வழியாக நடந்துபோகிறாள். தான் தகாத வழியில் பிறந்தவள் என்ற எண்ணம் வழக்கம்போல அழுத்துகிறது. அதை ஏற்றுக்கொண்டு, ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்க்கிறாள். எல்லாம் கழிந்தபின் மிஞ்சுவது ஒன்று: நான் இருக்கிறேன். இந்த உணர்வு பிரச்சினைக்குத் தீர்வு அல்ல, தீர்வுக்கு முன் இருந்தாக வேண்டிய தளம் என்று மே அழுத்திச் சொல்கிறார்.

அதே தொகுப்பில் லுட்விக் பின்ஸ்வாங்கர் எழுதிய எலன் வெஸ்ட் என்ற பெண்ணின் வரலாறு நீளமாக இடம்பெற்றது. எலன் வெஸ்ட் என்பது புனைபெயர். பருமனாகிவிடுவோமோ என்ற பயமும், சாப்பிட வேண்டும் என்ற தீராத வேட்கையும் அவளைத் தின்றன. 1921இல் சுவிட்சர்லாந்தின் கிராய்ட்ஸ்லிங்கன் சானடோரியத்திலிருந்து, சாவு நெருங்குகிறது என்று தெரிந்தே மருத்துவர்கள் வீட்டுக்கு அனுப்பினார்கள். வீடு திரும்பிய மூன்றாம் நாள் நிம்மதியாகச் சாப்பிட்டாள், கணவனோடு உலாவினாள், கடிதங்கள் எழுதினாள். இரவு நஞ்சு உட்கொண்டாள். 33 வயது. அந்தச் சாவில் அவள் தன்னையே அடைந்தாள் என்ற தொனியில் பின்ஸ்வாங்கரின் பகுப்பாய்வு போகிறது.

கார்ல் ரோஜர்ஸுக்கு இதைப் படித்ததும் கோபம் வந்தது. தந்தை அவளது காதலை முறித்தபோதும், மருத்துவர்கள் அவளுக்கு நோய்ப் பெயர் சூட்டியபோதும் அவளை யாரும் ஓர் ஆளாகக் கேட்கவில்லை, பொருளாகவே பார்த்தார்கள், தன் உணர்வையே நம்பக் கூடாது என்று கற்றுக்கொடுத்தார்கள் என்று தனிக் கட்டுரையே எழுதினார். அவளைக் காப்பாற்றியிருக்க முடியும் என்பது அவர் முடிவு. ஒரே கோப்பு. ஐரோப்பியர் அதில் சாவை எதிர்கொள்ளும் இருப்பைக் கண்டார். அமெரிக்கர் கேட்க ஆளில்லாத ஒரு பெண்ணைக் கண்டார். இந்த வழக்கில் நான் ரோஜர்ஸ் பக்கம். ஒரு பெண்ணின் தற்கொலையைத் தத்துவத்தின் நிறைவாகப் படிப்பதில் மருத்துவனுக்குரிய பதைப்பு எங்கோ காணாமல் போகிறது.

ஒரே மேடை

1959 செப்டம்பரில் சின்சினாட்டி நகரில் அமெரிக்க உளவியல் சங்க மாநாட்டில் இருத்தலியல் உளவியல் பற்றிய அமர்வு நடந்தது. மே, மாஸ்லோ, ரோஜர்ஸ், ஆல்போர்ட், ஃபைஃபெல் ஆகிய உளவியலாளர்களின் உரைகள் 1961இல் சிறு நூலாக வந்தன. மாஸ்லோவின் கட்டுரையில் நக்கல் உண்டு. ஐரோப்பியர் சொல்வதில் நமக்கு என்ன பயன் என்று கேட்டு, சிலவற்றை எடுத்துக்கொண்டு, துயரத்தையே சுற்றிவரும் போக்கைப் படித்தவர்களின் முனகல் என்ற பொருளில் எள்ளினார். கோடு விழும்போதே இழுபறி இருந்தது என்பதற்கு இதைவிட நல்ல ஆவணம் இல்லை.

ஆனாலும் பொது எதிரிகள் வலுவாக இருந்தார்கள். ஒரு பக்கம் எலியையும் நெம்புகோலையும் வைத்து மனிதனை விளக்கிய நடத்தையியல். மறு பக்கம் இறுகிப்போன உளப்பகுப்பாய்வு. 1961இல் மனிதநேய உளவியலுக்கு இதழ் வந்தது. அதன் பிறகு சங்கம் வந்தது. ஜேம்ஸ் புஜென்டல் அதன் முதல் தலைவர். 1964 நவம்பர் இறுதியில் கனெக்டிகட் மாநிலத்தின் ஓல்ட் சேப்ரூக் என்ற கடலோர ஊரில் கூடிய மாநாட்டில் மே, மாஸ்லோ, ரோஜர்ஸ், ஆல்போர்ட், கெல்லி, முர்ரே, சார்லட் பூலர் எல்லோரும் இருந்தார்கள். அந்த ஊரின் பெயர்தான் பின்னாளில் சான் ஃபிரான்சிஸ்கோவின் சேப்ரூக் நிறுவனத்துக்கு நிலைத்தது. ஐரோப்பியச் சுமையையும் அமெரிக்க உற்சாகத்தையும் சிகிச்சையறையில் உண்மையாகவே கலக்க முயன்றவர் புஜென்டல்; அவரது நூல்கள் பரவலாகப் படிக்கப்படாதது ஒரு குறை.

1969இல் வந்த 'காதலும் மனவுறுதியும்' மேயின் பெயரை வீட்டுக்கு வீடு தெரிய வைத்தது. வியட்நாம் போரும் மாணவர் கிளர்ச்சியும் பாலியல் விடுதலைப் பேச்சும் கொதித்த ஆண்டு. கட்டுப்பாடு நீங்கியதும் காதல் பெருகவில்லை, உணர்வற்ற தன்மைதான் பெருகியது என்று அந்த நூல் வாதிட்டது. காதலின் எதிர்ச்சொல் வெறுப்பு அல்ல, அசட்டை. எனக்கு நூலின் பிற்பகுதி தளர்வாகவே தெரிகிறது. அதில் நிலைத்து நிற்பது 'டைமோனிக்' என்ற கருத்து: ஒருவரை முழுவதுமாகத் தன்வசப்படுத்திக்கொள்ளும் எந்த இயல்பான ஆற்றலும் அதில் அடங்கும். காமம், சினம், அதிகார வேட்கை, படைப்பு வெறி எல்லாம் அதுவே. அழிக்கவும் செய்யும், ஆக்கவும் செய்யும். இதைத் தமிழில் 'பேய்த்தன்மை' என்று பெயர்த்தால் பாதி போய்விடும். சங்கத் தமிழின் 'அணங்கு' மிக நெருங்கி வருகிறது: வருத்தும், வணங்கவும் வைக்கும், ஆளையே பிடித்துக்கொள்ளும்.

அணங்கை எதிர்கொள்வது எப்படி இருக்கும் என்பதற்கு 1972 நூலான 'அதிகாரமும் அறியாமையும்' ஓர் எடுத்துக்காட்டுத் தருகிறது. மெர்சிடீஸ் என்று மே பெயரிட்ட கறுப்பினப் பெண், சிறுமியாக இருந்தபோதிலிருந்தே மாற்றாந்தந்தையால் விபச்சாரத்தில் தள்ளப்பட்டவள். அவளுக்குக் கோபமே வரவில்லை. கருவுற்றிருந்தபோது கரு கலைந்துவிடும் அபாயம் தெரிந்தது. சிகிச்சையாளரான மே, அவளுக்குப் பதிலாகத் தானே அவளை வதைத்தவர்கள் மேல் கோபத்தை வெளியிட்டார். மெல்ல அவளும் சேர்ந்துகொண்டாள். கனிவாகக் கேட்டுக்கொண்டிருப்பது மட்டும் போதாத இடம் உண்டு என்பதே அவர் கட்சி.

கடிதம்

ரோஜர்ஸோடு இருந்த இந்தக் கருத்து வேறுபாடே 1982இல் வெளிப்படையாக வெடித்தது. தீமை மனித இயல்பில் இல்லை, பண்பாட்டின் கோளாறே மனிதனைக் கெடுக்கிறது என்று ரோஜர்ஸ் எழுதியதற்கு, மனிதநேய உளவியல் இதழில் மே திறந்த மடல் எழுதினார். பண்பாட்டைக் குறை சொல்கிறீர்களே, அது யாரால் ஆனது, உங்களையும் என்னையும் போன்றவர்களால் தானே என்பது அதன் நடுநரம்பு. அதோடு ஒரு பழைய கணக்கையும் எடுத்தார். விஸ்கான்சினில் மனச்சிதைவு நோயாளிகளுக்கு ரோஜர்ஸ் குழு செய்த சிகிச்சையின் ஒலிப்பதிவுகளை மதிப்பிட அழைக்கப்பட்ட வெளியாட்களில் மேயும் ஒருவர். நோயாளியின் தனிமையையும் சோகத்தையும் அருமையாகப் பிடித்துக்கொண்ட சிகிச்சையாளர்கள், அவரது கோபத்தையும் பகையையும் காதில் வாங்கவே இல்லை என்று மதிப்பீட்டாளர்கள் கண்டார்கள். நல்லவர்களாக இருந்ததாலேயே செவிடானார்கள்.

எலன் வெஸ்ட் வழக்கில் ரோஜர்ஸ் வென்றார் என்றால், இந்த வழக்கில் மே வென்றார். கேட்கப்படாத பெண்ணைப் பற்றிப் பேசியவரின் பள்ளியிலேயே கேட்கப்படாத கோபம் இருந்தது. இருவரும் பதிலெழுதிக்கொண்டார்கள்; மரியாதை குறையவில்லை; உடன்பாடும் வரவில்லை. 1987இல் ரோஜர்ஸ் மறைந்தார். அந்தப் பத்தாண்டில் ஆன்மிகக் கடப்பு பேசிய உளவியலாளர்களோடும் மே இதே காரணத்துக்காகவே மோதினார்: இருளைத் தாண்டிக் குதிக்கிறீர்கள் என்றார்.

அவருக்குப் பின் பாதை இரண்டாகப் பிரிந்தது. பயிற்சி மருத்துவராக இருந்தபோது 'இருத்தல்' தொகுப்பைப் படித்து இந்தப் பக்கம் வந்த இர்வின் யாலம், புற்றுநோயாளிகளோடு வேலை செய்து சாவுப் பயம் தன்னையே பற்றியபோது மேயிடமே சிகிச்சைக்குப் போனார், பிறகு நண்பரானார். 1980இல் அவர் எழுதிய பாடநூல் சாவு, சுதந்திரம், தனிமை, பொருளின்மை என்று நான்கு தூண்களை நட்டு, சிதறிக் கிடந்ததை ஒழுங்குபடுத்தியது. அணங்குக்கு அங்கே தனித் தூண் இல்லை. இன்னொரு பக்கம், கர்க் ஷ்னைடர் மேயோடு சேர்ந்து சிகிச்சையாளர்களுக்கான கைந்நூலைத் தயாரித்தார். 1994 அக்டோபர் 22 அன்று கலிஃபோர்னியாவின் டிபுரான் ஊரில் தன் வீட்டில் மே இறந்தார். அன்று அருகில் இருந்தவர்களில் யாலமும் ஒருவர். கைந்நூல் மறு ஆண்டு வெளிவந்தது.

அதன் தலைப்பு 'இருத்தலின் உளவியல்'. 1958 தொகுப்பின் தலைப்பும் 'இருத்தல்'. மே தனியாக எழுதிய எந்த நூலின் தலைப்பிலும் மனிதநேயம் என்ற சொல் இல்லை.